நல்ல சுக்குக்குக் கைதட்டியவர்கள்

கொச்சியை அடுத்த களமசேரியில், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிதில், என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று பேராசிரியர் கேட்டார். சுக்கில் பிடிக்கும் பூஞ்சையைக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் ஒரு கருவி செய்ய வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிற்பாடு அவர் செய்ததையெல்லாம் பார்த்தபோது, அன்று அவர் சிரித்து என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரியில் பிறந்தவளுக்குப் பூஞ்சை புதிதல்ல. அப்பா மசாலாத் தரகர். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது அவர் தொழில். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். எனக்குத் தமிழ் எழுத்தே கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒழுங்காக வந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் அப்பாவின் முகம் மாறிவிடும். சாக்கு வெளியே உலர்ந்து, சுத்தமாக இருக்கும். அவிழ்த்துக் கையை விட்டால் நடுவில் பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்திருக்கும். அதற்குள் பக்கத்துச் சாக்குகளும் போயிருக்கும். சிலர் அதைத் துலக்கி, சுண்ணாம்புப் பொடியில் புரட்டி, மறுபடியும் விற்றுவிடுவார்கள். துலக்கினால் பூஞ்சை போகும், அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. யாரோ ஒருவர் வீட்டுக் கஷாயத்தில் அது கொதிக்கும்.

பூஞ்சை வளரத் தொடங்கும்போதே ஒரு மெல்லிய ஆவியை வெளிவிடுகிறது. நம் மூக்குக்கு அது எட்டாது. அந்த ஆவி பட்டால் மின்தடை மாறும் ஒரு படலத்தை நான் செய்தேன். படலம் செய்வதுகூடப் பெரிய வித்தை இல்லை, கொச்சியின் ஈரக்காற்றில் அது ஏமாந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். என் ஆராய்ச்சிக் காலம் முழுக்க அந்த ஈரத்தோடு போட்ட சண்டைதான். மின்னணு வேலையைப் பக்கத்து ஆய்வகத்து நண்பன் செய்துகொடுத்தான். வைப்பின் தீவுக்காரன், மீன்பிடிக் குடும்பம், என்னைவிட இளையவன். என்னைச் சேச்சி என்று கூப்பிடுவான். என்னோடும் பேராசிரியரோடும் பழகிப் பழகித் தமிழையும் ஒருவிதமாகக் கற்றுக்கொண்டான். பேராசிரியர் பாலக்காட்டுத் தமிழர். நாங்கள் மூவரும் தமிழில் பேசிக்கொண்டால் மற்ற மாணவர்கள் முறைப்பார்கள். அப்போது அது எனக்கு ஒரு குடும்பம் மாதிரி இருந்தது.

அப்பா தனக்குத் தெரிந்த ஒரு குஜராத்திச் சேட்டிடம் சொல்லி, அவருடைய கிடங்கில், அந்தப் படலத்தை உள்ளே வைத்துச் செய்த எங்கள் பெட்டிகளைத் தொங்கவிட ஏற்பாடு செய்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, கெடத் தொடங்கினால் சிவப்பு. இரண்டாவது மழைக்காலத்தில் மூலை அடுக்கு ஒன்றில் சிவப்பு எரிந்தது. சேட்டு நம்பவில்லை. சாக்கை அவிழ்த்துப் பார்த்தார், ஒன்றுமே தெரியவில்லை. அந்தச் சாக்கைத் தனியே எடுத்து வைக்கும்படி நான் கெஞ்சினேன். அடுத்த வாரம் அதே சாக்கில் பூஞ்சை வெளியே வந்தது, மற்ற அடுக்குகள் பிழைத்தன. சேட்டு எனக்குப் பாதாம் அல்வா கொடுத்தனுப்பினார். அப்பா கிடங்கு கிடங்காகப் போய், என் மகள் செய்த பெட்டி, சீக்கிரம் எல்லாருக்கும் வரும் என்று சொல்லிவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவு மையம் என்று ஒன்று திறந்தார்கள். ஆராய்ச்சிகள் அலமாரியில் தூங்கக் கூடாது, கம்பெனிகளாக வேண்டும் என்று ஊரெங்கும் பேச்சு. எனக்கும் அதில் முழு நம்பிக்கை இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். மையத்துக்குத் தலைவராக பெங்களூரில் பெரிய வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரைப் போட்டார்கள். அவர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, இதுதான் முதல் கம்பெனி என்று முடிவே செய்துவிட்டார். பேராசிரியர், நண்பன், நான் மூவரும் டைரக்டர்கள். காப்புரிமை பல்கலைக்கழகத்துடையது. அதை எல்லாப் பயன்பாட்டுக்கும், வேறு யாருக்கும் தராமல், இந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிமமாகத் தருவதாக ஒப்பந்தம்.

எல்லாப் பயன்பாட்டுக்கும் என்று ஏன், கிடங்குகளுக்கு மட்டும் என்று போட்டால் போதாதா என்று கேட்டேன். நாளைக்குக் கம்பெனி கைமாறினால் என்ன ஆகும் என்றும் கேட்டேன்.

"அதெல்லாம் ஒரு சடங்காக்கும்," என்றார் பேராசிரியர். "கம்பெனி நம்மளோடது, உரிமம் நம்மகிட்ட. பின்னெ யாரப் பாத்துப் பயம்?"

கையெழுத்துப் போட்டோம்.

கம்பெனி ஆன பிறகு கிடங்கு என்ற சொல்லே மையத்துக்குக் கசந்துவிட்டது. கிடங்குகள் கொஞ்சம்தான், வீடுகள் கோடிக்கணக்கில் என்றார் தலைவர். பெட்டியை அடுக்களையில் வைக்க வேண்டும், அரிசியும் பருப்பும் கெட்டுவிட்டனவா என்று அது கைப்பேசிக்குச் சேதி அனுப்ப வேண்டும், அப்போதுதான் முதலீட்டாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெட்டிக்கு மூடிய, காற்றோட்டம் குறைந்த இடம் வேண்டும் என்று விளக்கினேன். என் வீட்டு அடுக்களையிலேயே வைத்துக் காட்டினேன். எண்ணெயில் பெருங்காயம் போட்டால் போதும், சிவப்பு. மீன் பொரித்தால் சிவப்பு. ஒருநாள் நிஜமாகவே பூஞ்சை பிடித்த பயறைப் பக்கத்தில் வைத்தேன், பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. இந்த முடிவுகளை எடுத்துப்போய் பேராசிரியர் முன்னால் வைத்தபோது, கைப்பேசிச் செயலியில் சரிசெய்துகொள்ளலாம் என்றார். படலத்துக்குத் தெரியாததைச் செயலி எப்படித் தெரிந்துகொள்ளும் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் விழா வைத்தார்கள். தலைநகரத்திலிருந்து அதிகாரிகள், முதலீட்டாளர்கள், தொலைக்காட்சிக்காரர்கள். மட்டாஞ்சேரித் தரகரின் மகள் விஞ்ஞானியாகித் தொழிலதிபரும் ஆன கதை மையத்துக்கு மிகவும் பிடித்திருந்தது, அதனால் மேடையில் செய்து காட்டுவது நான்தான் என்று முடிவாயிற்று. அடுக்களைப் பெட்டியாக இல்லாமல் சுக்கை வைத்தே காட்டுகிறேன் என்ற நிபந்தனையில் ஒத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் நல்ல சுக்கு, மற்றதில் கெடத் தொடங்கிய சுக்கு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அடையாளத்துக்காகக் கெட்ட ஜாடியின் கழுத்தில் சணல் கட்டியிருந்தேன். கேமராவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று யாரோ அதை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். மேடை ஏறிய பிறகுதான் கவனித்தேன். இடப்பக்கம் இருந்ததுதான் கெட்டது என்று நினைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அதைத் திறந்து பெட்டியின் அருகில் வைத்தேன்.

திறந்த மறுகணமே வாசனை வந்துவிட்டது. காரமான, உலர்ந்த, நல்ல சுக்கு. இந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன், அதில் நான் ஏமாற மாட்டேன். ஜாடி மாறிவிட்டது, பச்சைதான் எரியப் போகிறது, எப்படிச் சமாளிப்பது என்று நினைப்பதற்குள் சிவப்பு எரிந்தது.

அரங்கம் கைதட்டியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் நண்பன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை சட்டைப்பைக்குள் இருந்தது. தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மைக்கைப் பிடித்து, இது நல்ல சுக்கு, பெட்டி தவறாகச் சொல்லியிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்து என் தோளில் கை வைத்தார். எங்கள் விஞ்ஞானிக்கு மூக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை, ஆனால் மனித மூக்குக்கு எட்டாததைக் கண்டுபிடிக்கத்தானே இந்தப் பெட்டியே, அதைத்தான் இப்போது நீங்கள் பார்த்தீர்கள் என்றார். முன்னதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் நண்பனைப் பிடித்தேன். சட்டைப்பையில் என்ன என்று கேட்டேன். அழுத்தினால் தூரத்திலிருந்தே பெட்டியில் சிவப்பை எரியவைக்கும் ஒரு சின்ன விசையை அவன் எடுத்துக் காட்டினான்.

"சேச்சி, ஏசிக் குளிர், ஆள்கூட்டம், அத்தர் மணம்... பெட்டி அங்க வேலை செய்யாதுன்னு சாரிடத்தில் நான்தான் சொன்னேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு இது மதி, போதும்னு சார் சொன்னார்."

பேராசிரியர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். நான் கத்தினேன் என்றுதான் பின்பு எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். பொய் சொல்லி விற்கத்தான் இத்தனை வருஷம் உழைத்தோமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. மழலை பேசும் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"நீ இன்னும் பரீட்சை எழுதிண்டிருக்கறதா நெனச்சுண்டிருக்கே. இது மார்க்கெட்டாக்கும். முதல்ல நம்ப வைக்கணும், பின்னெ சரிபண்ணிக்கலாம்."

அன்றோடு நான் விலகினேன். படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா மேடையைப் பற்றியோ பேராசிரியரைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ கிடங்குக்கு பெட்டி கிட்டாதா மோளே? ஆளுக எல்லாம் கேக்கறாங்க. நான் என்ன பறைய?"

அடுத்த மழைக்காலத்தில் அவர் பஜார் ரோட்டில் சேட்டின் வாசலைத் தவிர்த்து, சுற்றுவழியாகப் போவதைப் பார்த்தேன்.

அடுக்களைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. பளபளவென்று விளம்பரம். கொஞ்ச நாள் விற்றது, பிறகு வாங்கியவர்கள் திட்டத் தொடங்கினார்கள். அதற்குள் வடக்கே சமையலறைச் சாமான்கள் செய்யும் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்கிவிட்டது. அவர்களிடம் அதே மாதிரி சொந்தக் கருவி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. போட்டி வேண்டாம் என்று வாங்கி, எங்களுடையதை மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். மையம் அதற்கும் விழா எடுத்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று கம்பெனியாகி, கம்பெனி விலைபோயிற்று என்றால் அவர்கள் கணக்கில் அதுதான் உச்சபட்ச வெற்றி. பேராசிரியர் ஓய்வுபெற்று மையத்துக்கே ஆலோசகரானார். ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு என்ற தலைப்பில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

நான் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். கோபம் ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அது மழையோடு திரும்பி வந்தது. சேட்டின் கிடங்கில் நாங்கள் விட்டுவந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒரு வருஷம் ஒரு பெரிய அடுக்கு முழுவதும் பூஞ்சை பிடித்துப்போயிற்று. சேட்டு என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சுக்கை அவர் என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினேன். பெட்டியை வாங்கி மூடிவைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். முழு உரிமமும் கொடுத்தாகிவிட்டது, இனி எங்களால் தலையிட முடியாது என்று பதில் வந்தது. யோசித்துப் பாருங்கள். என் கையால் செய்த படலம். அதை நான் செய்து பக்கத்துத் தெருக் கிடங்கில் மாட்டினால் நான் திருடி. அதை வாங்கிப் பூட்டிவைத்து யாருக்கும் பயன்படாமல் ஆக்கியவர்கள் உடைமைக்காரர்கள். பூட்டிவைக்க விற்றுக்கொடுத்தவர்கள் வெற்றியாளர்கள். இதைப் பேருந்தில், வகுப்பில், சாப்பிடும்போது மனசுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன். என் கணவர் ஒருநாள், நீ என்னோடு பேசுகிறாயா அந்தப் பேராசிரியரோடு பேசுகிறாயா என்று கேட்டார்.

உரிமம் வாங்கியவர் அதைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் திரும்பப் பெறலாம் என்று இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும். எங்களுடையதிலும் இருந்தது. அதைக் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு மறுபடி எழுதினேன். விடாமல் எழுதியதில், கடைசியில் ஒரு குழு முன்னால் வந்து விளக்கச் சொன்னார்கள். கிடங்கில் அது உண்மையிலேயே வேலை செய்தது, கம்பெனிக்கும் அது தெரியும், தெரிந்தே கைவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். என் வார்த்தை போதாது. நான் சண்டைபோட்டுப் போனவள். இன்னொரு டைரக்டர் சொல்ல வேண்டும்.

விழா நடந்த நாளிலிருந்து நான் நண்பனோடு பேசியதே இல்லை. படகேறி வைப்பினுக்குப் போனேன். அவன் துறைமுகத்தில் வேறு வேலையில் இருந்தான். அவன் மனைவி சாயாவும் மரவள்ளிக் கப்பையும் கொண்டுவந்து வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். தன் குடும்பத்தில் முதலில் படித்தவன் தான், அந்தப் படிப்புக்கு வழி செய்தவர் சார், அவருக்கு எதிராக எப்படி வாய் திறப்பது என்றான். உன்னைப் பொய் சொல்ல வைத்ததும் அதே சார்தானே என்றேன். அது தனக்குத் தெரியும் என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை. கப்பையைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

குழு கூடிய அன்று நான் தனியாகத்தான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம், ஆலோசகர் என்ற முறையில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து நலம் விசாரித்தார். நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. நண்பன் வேலைச் சீருடையோடே வந்திருந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

கிடங்கில் பெட்டி வேலை செய்தது, அடுக்களையில் செய்யவில்லை, இரண்டும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும் என்றான். பிறகு, கேட்காமலே, மேடையைப் பற்றியும் சொன்னான்.

"அந்நு சிவப்பு விளக்கு எரிய வச்சது பெட்டியில்ல. ஞான்தான். சார் பறஞ்சிட்டுதான் செய்தேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய மாணவர்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று குழுவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அமைதியாக இருப்பதென்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். முடியவில்லை.

"சார், ஒரு தடவையாவது அந்தக் கிடங்குக்கு வந்திருக்கீங்களா? இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ?"

"நான் வந்தா என்ன, வராட்டா என்ன? உன்னோட ஆராய்ச்சிய நாலு பேர் அறிஞ்சது என்னாலயாக்கும்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். எங்களுக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் அந்த மனிதர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

குழு எங்களை வெளியே உட்காரவைத்துப் பேசியது. கிடங்குகளுக்கான உரிமத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று அந்த வடக்கத்தி நிறுவனத்தைப் பல்கலைக்கழகமே கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். கேட்டார்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. நான் எழுதியபோது பதில் போடக்கூட நேரமில்லாதவர்கள், பல்கலைக்கழகம் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பல்கலைக்கழகத்தார் முதல் வருஷமே கேட்டிருக்கலாம். ஒரு கடிதம். யாரும் போடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. கல்லூரி ஆசிரியர் அறையில் மேசையைக் குத்தினேன், பக்கத்திலிருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

இப்போது பஜார் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி அறையில் பெட்டிகள் செய்கிறோம். நான் கல்லூரி முடிந்து வருவேன், நண்பன் விடுமுறை நாட்களில் வருவான். அடுக்களைக்கு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சேட்டின் கிடங்கிலும் வேறு சில கிடங்குகளிலும் பெட்டிகள் தொங்குகின்றன. அப்பாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை, இருந்தாலும் எந்தப் பெட்டி என்ன காட்டுகிறது என்று பார்த்துவரப் போய்விடுகிறார். நண்பனும் நானும் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பழைய சிரிப்பு வரவில்லை. ஒருநாள் அவன் பெட்டிக்குள் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டே, சேச்சிக்கு என்மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தான். அவனிடம் நான் பொய் சொல்லாதது அவனுக்கும் நிம்மதிதான் என்று தோன்றியது.

போன மாதம் மையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். மரியாதையான குரல். ஒரே ஆராய்ச்சியிலிருந்து இரண்டாவது கம்பெனி உருவாகியிருக்கிறது, இது பல்கலைக்கழகத்துக்குப் பெருமை, வரவேற்பறையில் வைக்க உங்கள் இருவர் புகைப்படமும் வேண்டும் என்றாள். தர மாட்டேன் என்றேன். அவள் திகைத்துப்போய், மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், என்ன காரணம் என்று குறித்துக்கொள்வது என்று கேட்டாள்.

"கோபம்னு எழுதிக்கோம்மா," என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் மெல்லச் சிரித்தாள். விளையாடவில்லை, அப்படியே எழுதிக்கொள் என்று மறுபடியும் சொன்னேன். அவள் எழுதுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தொலைபேசியை வைத்தேன்.